வைட்டமின் டி-க்கு நிழலைப் பாருங்கள்

வைட்டமின் டி-க்காக வெயிலில் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், தரையில் விழும் நிழலைப் பாருங்கள். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்போது, கை கால்களில் நேரடியாக வெயில் பட இருபது நிமிடம் போல இருந்தால் நல்ல பலன் உண்டு.

கொலஸ்ட்ராலுக்கு முந்தைய நிலையில் உள்ள ஒரு பொருள் நம் தோலில் இருக்கிறது. அது வைட்டமின் டி-யாக மாற வெயிலில் உள்ள 'புற ஊதா பி' கதிர் வேண்டும். சூரியன் தாழ்வாக இருக்கையில் அந்தக் கதிரைக் காற்று மண்டலமே வடிகட்டிவிடும். அதனால் புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ விடியற்காலையில் நடப்பது இதயத்துக்கு அருமை, வைட்டமின் டி-க்கு உதவாது. உடல் இதைக் கொழுப்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதால், ஐப்பசி மழையில் சில நாள் தவறினாலும் கவலையில்லை.

மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயில் கணக்கில் சேராது. லூபஸ் (நோய் எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ளவர்களும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை எடுப்பவர்களும் இப்படி வெயிலில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். அப்புறம், குறைபாட்டுக்கு மருத்துவர் மாத்திரை எழுதியிருந்தால் வெயிலை நம்பி அதை நிறுத்தாதீர்கள்.