நாவலை மூடிவிட்டுப் படத்தைப் போடும் முன்

"புத்தகத்தைப் போல இல்லை." தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்துக்குத் தடை. சனிக்கிழமை இரவுகளில் நானும் தங்கை மகளும் நாவலிலிருந்து எடுத்த திகில் படம் பார்ப்போம். அதைச் சொன்னவர் பாத்திரம் கழுவ வேண்டும். சட்டம் வந்த பிறகுதான் உருப்படியாகப் பேசத் தொடங்கினோம்.

முதலில் நாவலைப் படித்து முடியுங்கள். படம் போடும் முன் ஒரு துண்டுத்தாளில், எந்த இடத்தில் விளக்கை அணைக்கத் தயங்கினீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம்.

ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய 'தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்' நாவலுக்கு என் தாளில் இருந்தது ஒரே சொல்: கை. இருட்டில் கதாநாயகி எலினோர் தோழியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள். வெளிச்சம் வந்ததும் பார்த்தால் தோழி எட்டாத தூரத்தில் இருக்கிறாள். அப்படியானால் இவ்வளவு நேரம் பிடித்திருந்தது யாருடைய கையை? ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்தக் கை வரும்வரை காத்திருந்தேன். வந்தது. கேமரா சுவரையும் அவள் முகத்தையும் விட்டு நகரவில்லை. பேய் கண்ணில் படவே இல்லை. கரும்புத் தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்த என் ஆயா சொன்ன கதைகளிலும் பேய் முகம் காட்டியதில்லை, கொல்லையில் வாளி நகரும் சத்தம் மட்டும் கேட்கும். 1999இல் அதே நாவலை மறுபடி எடுத்தபோது கம்ப்யூட்டர் வரைகலையில் மரச் செதுக்கல்களுக்கெல்லாம் உயிர் வந்துவிட்டது. தங்கை மகள் சிரித்தாள்.

அடுத்து, தாளில் எழுதிய பயம் கண்ணால் பார்க்கக்கூடியதா என்று யோசியுங்கள். ஸ்டீஃபன் கிங்கின் 'தி ஷைனிங்' (1977) நாவலில் விலங்கு வடிவில் வெட்டிய செடிகள், நாம் திரும்பிக்கொண்டதும் நகர்கின்றன. புத்தகத்தில் படிக்கும்போது முதுகு சில்லிடும். இயக்குநர் ஸ்டான்லி கூப்ரிக் 1980இல் எடுத்த படத்தில் அவற்றைத் தூக்கிவிட்டு, செடிகளால் ஆன புதிர்ப்பாதையை வைத்தார். கிங்குக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. 1997இல் தானே திரைக்கதை எழுதி, தொலைக்காட்சிக்கு மூன்று பகுதிகளாக வரவைத்தார். செடி விலங்குகள் திரும்பி வந்தன. ஆனால் நகர்வது தெரிந்துவிட்ட செடி வெறும் செடிதான். நாவலுக்கு விசுவாசமாக இருந்த வடிவத்தைவிட, துரோகம் செய்த படமே என்னைப் பயமுறுத்தியது.

ஒரு ஊரே மெல்ல மெல்லக் காலியாகும் கிங்கின் 'சேலம்ஸ் லாட்' போன்ற கதையென்றால் தொலைக்காட்சித் தொடரைத் தேடுங்கள். இரண்டு மணி நேரத்தில் ஊர் காலியாகாது, நடிகர்கள்தான் காலியாவார்கள்.

முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். பழைய புத்தகம் வாங்கினால் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் வாங்கிய 'தி ஷைனிங்' பிரதியில் கடைசி இருபது பக்கங்கள் இல்லை. படத்தை வைத்து நிரப்பிக்கொண்டேன். நாவலிலும் கதாநாயகன் ஜாக் பனியில் உறைந்துதான் சாகிறான் என்று பத்து வருடம் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். நாவலிலோ கொதிகலன் வெடித்து, கதை நடக்கும் ஓட்டலே எரிந்துபோகிறது.

முடிவை மாற்றிவிட்டார்கள் என்று உடனே கோபப்படாமல், மாற்றிய முடிவு தாளில் இருக்கும் பயத்தை வளர்க்கிறதா, ஆற்றிவிடுகிறதா என்று பாருங்கள். கிங்கின் 'தி மிஸ்ட்' குறுநாவல் ஒரு துளி நம்பிக்கையோடு முடியும். 2007இல் ஃபிராங்க் டாராபாண்ட் எடுத்த படத்தின் கடைசி ஐந்து நிமிடம் அந்தத் துளியையும் துடைத்துவிடுகிறது. அது கிங்குக்கே பிடித்திருந்தது. எனக்கோ நெஞ்சு அடைத்துக்கொண்டது. "புத்தகத்தில் இப்படி இல்லையே!" என்று கத்திவிட்டேன்.

தங்கை மகள் எதுவும் பேசவில்லை. சோப்பை எடுத்து நீட்டினாள்.