தேர்த் தொம்பையைக் காட்சிக்கூடத்தில் தொங்கவிடுவது எப்படி

தேரைச் சுற்றித் தொங்கும் உருளை வடிவத் துணிதான் தொம்பை. தேர் அசைந்தால் அதுவும் ஆடும்; கீழே நிற்பவர் அண்ணாந்து பார்ப்பார். நிறுவல் கலையில், அதாவது இடத்தையே படைப்பாக்கும் கலையில், இதைக் கையாளும்போது இந்த இரண்டையும் கைவிடக் கூடாது. சுவரில் விரித்து ஆணியடித்தால் அது வெறும் படத்துணி.

30 செ.மீ. விட்டம், 150 செ.மீ. நீளமுள்ள ஒரு தொம்பைக்கு 98 செ.மீ. அகலம், 160 செ.மீ. நீளம் துணி வேண்டும். தையலுக்கும் மடிப்புக்கும் சேர்த்த கணக்கு இது. கோராத் துணியை, அதாவது வெளுக்காத பருத்தித் துணியை, இரவு முழுக்க ஊறவைத்து, கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள். முன்பே வெட்டினால் சுருங்கி வளையத்தில் ஏறாது.

அடுத்து, எழுதும் மை பிடிக்கத் துணியை ஊறவைக்கும் கலவை: கால் கிலோ துணிக்கு 50 கிராம் கடுக்காய்ப்பொடி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், அரை லிட்டர் காய்ச்சாத எருமைப்பால். அரை மணி நேரம் ஊறியதும் பிழிந்து வெயிலில் காயப்போடுங்கள். பாலின் கொழுப்புதான் மை கசியாமல் பிடிக்கிறது. கொழுப்பு எடுத்த பாக்கெட் பாலை ஊற்றினால் கோடு மயிர்க்கால் விட்டுப் பரவும்.

கறுப்பு மைக்குத் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் போட்டு, மண்பானையில் இரண்டு மூன்று வாரம் புளிக்கவிட வேண்டும். பானையில் மங்கலாக இருக்கும் நீர், கடுக்காய் ஏறிய துணியைத் தொட்டவுடன் கறுக்கும். கெட்டியாக எழுதாதீர்கள். அதிக இரும்பு நூலை அரித்து, சில வருடங்களில் கோடு இருந்த இடம் கிழியும்.

இதே காரணத்தால் உள்ளே இரும்புக் கம்பி வளையம் கூடவே கூடாது. ஈரக்காற்றில் துரு பட்டால் அங்கும் கறுப்பு வளையம் விழும், போகாது. பிரம்பு வளையங்கள் நான்கை 50 செ.மீ. இடைவெளியில் வைத்துத் தையுங்கள்.

ஒரே புள்ளியில், சுழலும் கொக்கியில் கட்டுங்கள். அடிவிளிம்பு தரையிலிருந்து 210 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், ஆள் நடக்கும் காற்றுக்கே மெல்லத் திரும்பும். தெய்வ உருவம் எழுதியிருந்தால் இந்த உயரம் இன்னும் முக்கியம், காலடி மட்டத்துக்கு அது வரக் கூடாது. வெளிச்சம் 50 லக்ஸை (ஒளி அளவின் அலகு) தாண்டினால் இயற்கைச் சாயம் சீக்கிரம் வெளுக்கும்.

கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கோயில்களுக்குத் தொம்பை எழுதும் குடும்பங்கள் உண்டு. இந்த வகைத் துணி ஓவியமான கருப்பூர் கலம்காரிக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் எழுதித் தந்த துணியானால், விவர அட்டையில் எழுதியவர் பெயரை உங்கள் பெயருக்குச் சமமான எழுத்தில் போடுங்கள். ‘கைவினைஞர் உதவியுடன்’ என்று முடிப்பது நியாயமே இல்லை.