பழைய தொலைபேசிக் கூண்டை வைத்துக்கொள்வதா, அகற்றுவதா? முடிவெடுக்க ஒரு வழிகாட்டி

நெடுநாளாக ஓரிடத்தில் நிற்கும் பொதுத் தொலைபேசிக் கூண்டு இனியும் வேண்டுமா என்ற பேச்சு எழுந்தால், அதற்குள் என்ன வைக்கலாம் என்பதற்கே எல்லோரும் உடனே தாவிவிடுகிறார்கள். அதற்கு முன் தீர்க்க வேண்டியது ஒன்று உண்டு: உள்ளே இருக்கும் தொலைபேசிக்கு அந்த இடத்தில் இன்னும் வேலை இருக்கிறதா? கூண்டை எப்போது வேண்டுமானாலும் வேறொன்றாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை துண்டித்த இணைப்பைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். ஆகவே தொலைபேசியைப் பற்றிய முடிவை முதலில் எடுங்கள், கூண்டைப் பற்றி அப்புறம் பேசலாம்.

முதல் வேலை, நேரில் போய்ச் சோதிப்பது. ரிசீவரை எடுத்துக் காதில் வையுங்கள். டயல் டோன் சீராகக் கேட்கிறதா, இரைச்சல் கலந்து வருகிறதா என்று கவனியுங்கள். ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். அடிக்கடி அழுத்தப்பட்டுத் தேய்ந்த பொத்தான்களே முதலில் பழுதாகும். ரிசீவரைத் தொங்கவிடும் கொக்கி முழுவதும் கீழே இறங்கித் திரும்ப மேலே வருகிறதா என்றும் பாருங்கள், ஏனெனில் அது பாதியில் சிக்கிக்கொண்டால் இணைப்பு திறந்தே கிடந்து, அடுத்து வருபவருக்கு டயல் டோன் கிடைக்காது. உங்கள் கைப்பேசியை அழைத்து, மறுமுனையில் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று ஒருவரைக் கேட்கச் சொல்லுங்கள். அவசர உதவி எண்ணை மட்டும் சோதனைக்காக அழைக்க வேண்டாம். அதற்குக் காசு தேவையில்லை என்ற அறிவிப்பு படிக்கும்படி இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

அடுத்தது கைப்பேசிச் சமிக்ஞை. ஒரே நிறுவனத்தின் சிம்மை வைத்துப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. அங்கே சேவை தரும் ஒவ்வொரு நிறுவனத்தின் சிம்மிலும், கூண்டருகே மட்டுமின்றிச் சாலையின் தாழ்வான வளைவிலும் ஆற்றங்கரைச் சரிவிலும் அழைத்துப் பாருங்கள். விபத்து நடக்கும் இடங்கள் பெரும்பாலும் அவைதாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பழைய தொலைபேசியின் உண்மையான வலிமை அதில்தான் இருக்கிறது. செப்புக் கம்பி வழியே இயங்கும் தொலைபேசிக்கு, குரலைக் கொண்டுசெல்லும் அதே இணைக் கம்பியில் தொலைபேசி நிலையத்திலிருந்து சுமார் 48 வோல்ட் நேர்மின்னோட்டம் வருகிறது. தொலைபேசி நிலையத்தில் பெரிய மின்கலங்களும் ஜெனரேட்டரும் இருப்பதால், ஊர் முழுவதும் இருண்டாலும் அந்தத் தொலைபேசி பேசும். செல்போன் கோபுரத்தின் மின்கலமோ சில மணி நேரத்தில் தீர்ந்துவிடலாம். ஆனால் உங்கள் கூண்டின் இணைப்பு ஏற்கெனவே கண்ணாடியிழைக்கு மாற்றப்பட்டிருந்தால் இந்த வலிமை போய்விட்டிருக்கும், ஏனெனில் கண்ணாடியிழை ஒளியைக் கடத்துமே தவிர மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இணைப்பு எந்த வகை, மின்தடையின்போது எத்தனை மணி நேரம் தாங்கும், மாற்று மின்கலம் யார் பொறுப்பு என்ற மூன்றையும் தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள்.

பேரிடர்க் காலத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. ஜப்பானில் நெரிசலால் சாதாரண அழைப்புகள் கட்டுப்படுத்தப்படும்போதும் பொதுத் தொலைபேசி அழைப்புகளுக்கு முன்னுரிமை தரப்படுகிறது. 2011 நிலநடுக்கத்தின்போது அவற்றின் முன் மக்கள் நீண்ட வரிசையில் நின்றது இதனால்தான். அங்கே மின்சாரம் போனால் பச்சை நிறத் தொலைபேசிகளில் தொலைபேசி அட்டை செல்லாது, 10 யென் நாணயம் செல்லும் என்பது போன்ற நுணுக்கங்களையும் நிறுவனமே மக்களுக்குச் சொல்லிவைக்கிறது. உங்கள் கூண்டுக்கும் அப்படிப்பட்ட விவரங்கள் இருந்தால் கண்ணுயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

மாதத்துக்கு எத்தனை அழைப்புகள் என்ற கணக்கை நிறுவனம் காட்டும். அந்த எண்ணை மட்டும் வைத்து ஏமாறாதீர்கள். யாரை அழைத்தார்கள் என்று கேளுங்கள். பிரிட்டனில் 2020 மே மாதத்துடன் முடிந்த ஓராண்டில் கூண்டுகளிலிருந்து அவசர உதவிக்கு மட்டும் ஏறக்குறைய 1,50,000 அழைப்புகளும், குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு 25,000 அழைப்புகளும் போயிருந்தன. தன் கைப்பேசியை வேறொருவர் கண்காணிக்கிறார் என்று அஞ்சும் பெண்ணுக்கும், கைப்பேசியே இல்லாத சிறுவனுக்கும் தடயம் விடாமல் பேச வேறு இடம் எளிதில் கிடைக்காது. இதைப் புரிந்துகொண்டே அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2022-இல் தெளிவான அளவுகோல்களை வகுத்தது: நான்கு கைப்பேசி நிறுவனங்களில் ஏதேனும் ஒன்றின் சேவையாவது கிடைக்காத இடம், விபத்தோ தற்கொலையோ மிகுந்த இடம், ஓராண்டில் 52 அழைப்புகளாவது போன இடம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று பொருந்தினாலும் கூண்டை அகற்றக் கூடாது. வாரத்துக்கு ஓர் அழைப்பே போதும் என்பது என் கருத்தில் மிக நியாயமான எல்லை. உங்கள் இடத்துக்கும் இதையே உரைகல்லாகக் கொள்ளலாம்.

தொலைபேசி தேறியது என்றால், அதைப் பயன்படுத்த எளிதாக்குங்கள். காசே பெரிய தடை. ஆஸ்திரேலியாவில் டெல்ஸ்ட்ரா என்ற தொலைபேசி நிறுவனம் 2021 ஆகஸ்டில் சுமார் 15,000 பொதுத் தொலைபேசிகளில் உள்நாட்டு அழைப்புகளை இலவசமாக்கியபின் அழைப்புகள் வெகுவாகப் பெருகின. இருக்கும் இடத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் உள்ளே எழுதுங்கள், பதற்றத்தில் இருப்பவருக்கு அது வாயில் வராது. பிள்ளைகளை ஒருமுறை அழைத்துப் போய்ப் பழக்குங்கள். ரிசீவரை எடுத்தபின்தான் எண்ணை அழுத்த வேண்டும் என்பதே பலருக்குப் புதிதாக இருக்கும்.

தொலைபேசி தேறவில்லை என்றால்தான் கூண்டுக்கு வருகிறோம். அது யாருடைய சொத்து, நிலம் யாருடையது, விளக்குக்கான மின்கட்டணம் யார் கட்டுவது என்பதை முதலில் ஒப்பந்தமாக்குங்கள். பிரிட்டனில் 2008 முதல் ஊர் மன்றங்கள் ஒரு பவுண்டுக்கு ஒரு கூண்டைத் தத்தெடுக்க முடிகிறது.

நான் முதலிடம் தருவது ஏ.இ.டி. கருவிக்கு, அதாவது திடீரென நின்றுபோன இதயத்துக்கு மின் அதிர்வு தரும் கருவிக்கு. முதலுதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைப்பதால், எல்லோருக்கும் தெரிந்த, இரவிலும் பூட்டப்படாத, விளக்கெரியும் ஓரிடம் இதற்கு வேண்டும். கூண்டு அப்படிப்பட்ட இடம். ஆனால் மாட்டிவிட்டு மறந்துவிட்டால் பயனில்லை. பெரும்பாலான கருவிகளை 0 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். கண்ணாடிக் கூண்டு வெயிலில் எவ்வளவு சூடாகிறது என்று நண்பகலில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். மார்பில் ஒட்டும் பட்டைகளும் மின்கலமும் காலாவதியாகும். அந்தத் தேதிகளைக் குறித்துவைத்து மாதந்தோறும் பார்ப்பதற்குப் பெயர் சொல்லி ஒருவரை நியமியுங்கள். கருவி இருக்கும் இடத்தை ஆம்புலன்ஸ் சேவையிடமும் பதிவு செய்யுங்கள்.

புத்தகப் பரிமாற்றம் அடுத்த நல்ல பயன். இங்கிலாந்தின் சாமர்செட்டில் உள்ள வெஸ்ட்பரி-சப்-மெண்டிப் கிராமத்தார் 2009-இல் இதைச் செய்தார்கள். ஈரம்தான் புத்தகத்தின் எதிரி, ஆகவே கதவின் ரப்பர் பட்டையையும் கூரைக் கசிவையும் முதலில் சரிசெய்து, கீழ்த்தட்டைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்துங்கள். திரை வைத்த இணைய மையமாக்குவதாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை: நியூயார்க்கில் பொதுத் தொலைபேசிகளுக்குப் பதிலாக 2016-இல் தொடங்கிய லிங்க் என்ற இலவச இணையக் கம்பங்களில் சிலர் மணிக்கணக்கில் இடம்பிடித்துக்கொண்டதால், அதே ஆண்டில் இணைய உலாவலையே நிறுத்த நேர்ந்தது.

பழைய வார்ப்பிரும்புக் கூண்டின் வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, முகக்கவசம் அணிந்து, கழிவைத் தனியாகச் சேருங்கள். பிரிட்டனின் புகழ்பெற்ற கே6 வகைச் சிவப்புக் கூண்டு முக்கால் டன் எடை வரும், ஆகவே கிரேன் இல்லாமல் அசைக்க முயல வேண்டாம்.

நடைபாதையில் சக்கர நாற்காலி போக வழியின்றி அடைத்து நின்றாலோ, பராமரிக்க ஒருவரும் முன்வராவிட்டாலோ கூண்டை அகற்றிவிடுவதே சரி. இணைப்பைத் துண்டிக்கும் நாளிலேயே உள்ளிருக்கும் கருவியையும் கழற்றிவிடுங்கள். ஆபத்தில் ஓடிவந்தவர் உயிரற்ற ரிசீவரை எடுத்து நிமிடங்களை இழக்கக் கூடாது. அந்த இடத்தில், மிக அருகே வேலை செய்யும் தொலைபேசி எது, எந்தத் திசையில், எத்தனை மீட்டர் தொலைவில் என்று எழுதிய பலகை ஒன்றைச் சில மாதங்களாவது வைத்திருங்கள்.