ஒரு கேமை உண்மையில் எத்தனை பேர் முடிக்கிறார்கள்? அச்சீவ்மென்ட் பட்டியலைப் படிக்கும் முறை

விட்சர் 3 என்ற நீண்ட கதை கேமை மூன்று முறை தொடங்கி, மூன்று முறையும் அதில் வரும் வெலன் சதுப்பு நிலத்திலேயே கைவிட்டவன் நான். நமக்குத்தான் பொறுமை இல்லை, ஊரே முடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் சித்தப்பா மகனும் அப்படித்தான் சொல்வான்: "அண்ணே, அதையெல்லாம் எல்லாரும் எப்பவோ முடிச்சாச்சு."

ஒருநாள் எரிச்சலில், கணினி கேம் விற்கும் தளமான ஸ்டீமில் அந்த கேமின் உலக அச்சீவ்மென்ட் பட்டியலைத் திறந்தேன். கேமில் குறிப்பிட்ட ஒன்றைச் செய்தால் கிடைக்கும் பதக்கம்தான் அச்சீவ்மென்ட். ஒவ்வொன்றையும் எத்தனை சதவீதம் பேர் பெற்றார்கள் என்று அந்தப் பட்டியல் காட்டும். கதையை முடித்ததற்கான அச்சீவ்மென்ட்டைப் பெற்றவர்கள் பாதிக்கும் குறைவு! உடனே அவனுக்கு போன் போட்டு ஒரு எண்ணைச் சொன்னேன். அந்த எண் தப்பு. ஏன் தப்பு என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாள் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்தப் பதிவு.

ஸ்டீம் கணக்கு தொடங்குவது, விரிதாளில் கூட்டல் கழித்தல் போடுவது எல்லாம் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பட்டியலை எடுங்கள்

ஸ்டீம் கடையில் கேமின் பக்கத்தைத் திறந்தால் மேலே முகவரியில் ஒரு எண் இருக்கும். விட்சர் 3-க்கு 292030. ஸ்டீம் கம்யூனிட்டி தளத்தின் முகவரிக்குப் பின்னால் 'ஸ்டாட்ஸ்', அந்த எண், 'அச்சீவ்மென்ட்ஸ்' ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில், இடையில் சாய்கோடு போட்டு அடித்தால் உலகப் பட்டியல் வந்துவிடும். ஸ்டீம் செயலிக்கு உள்ளேயும் போகலாம், ஆனால் நகலெடுத்து ஒட்டுவதற்குப் பிரவுசர்தான் வசதி.

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இதே எண்களைத் தரும் ஏபிஐ (நிரல்கள் நேரடியாகத் தகவல் வாங்கும் வழி) ஒன்றை ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே வைத்திருக்கிறது, அனுமதிச் சாவிகூட வேண்டாம். ஆனால் அதில் அச்சீவ்மென்ட்டின் பெயருக்குப் பதில் உருவாக்குநர்கள் வைத்த உள்குறியீடுதான் வரும். எது எது என்று பொருத்திப் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும். ஒரே ஒரு கேமுக்கு என்றால் பக்கத்தை நகலெடுத்து ஒட்டுவதே போதும்.

சதவீதங்களை அழகான வரைபடமாகக் காட்டும் வேறு தளங்கள் உண்டு. எனக்கு அவை பிடிக்காது. காரணம் கீழே பின்சேர்க்கையில்.

படி 2: தேதி போட்டு விரிதாளில் ஒட்டுங்கள்

லிப்ரே ஆபீஸ், கூகுள் ஷீட்ஸ், எதுவானாலும் சரி. முதல் நெடுவரிசையில் பெயர், இரண்டாவதில் சதவீதம், மூன்றாவதைக் காலியாக விடுங்கள். மேலே இன்றைய தேதி. தேதியை விட்டுவிடாதீர்கள், இந்த எண்கள் நகர்ந்துகொண்டே இருக்கும். அதனால்தான் நானும் இங்கே உண்மை எண்களைப் போடவில்லை.

படி 3: வழியில் கிடப்பது எது, இறங்கித் தேட வேண்டியது எது?

ஸ்டீம் பட்டியல் சதவீத வரிசையில் இருக்கும், கதை வரிசையில் இருக்காது. முதல் நாள் நான் மேலிருந்து கீழே கதை போலப் படித்துக்கொண்டு போனேன். நடுவில் 'ஃபயர் இன் த ஹோல்' வந்தது. அரக்கர்களின் கூடுகள் பத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தால் கிடைப்பது அது. கதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கதையை முடிக்காமல் வருடக்கணக்கில் கூடு தகர்ப்பவரும் உண்டு, ஒரு கூட்டையும் தொடாமல் முடித்தவரும் உண்டு.

ஆகவே மூன்றாவது நெடுவரிசையில் ஒவ்வொன்றுக்கும் 'வழி' அல்லது 'விலகல்' என்று எழுதுங்கள். கதையில் நடந்தாலே தானாகக் கிடைப்பது வழி. மற்றதெல்லாம் விலகல். விட்சர் 3-இல் வழி என்று நான் எடுத்துக்கொண்டவை நான்கு:

லைலாக் அண்ட் கூஸ்பெரீஸ் (நாயகன் தேடும் யென்னெஃபரைக் கண்டுபிடிப்பது. முன்கதை முடியும் இடம்)
ஃபேமிலி கவுன்சிலர் (வெலனில் வரும் பிளடி பாரன் என்ற பிரபுவின் மனைவி, மகள் கதி தெரிவது. 'பேரன்' என்று எழுதினால் தாத்தாவைத் தேடுவீர்கள், அதனால் பாரன்)
சம்திங் மோர் (கதையில் தேடப்படும் சிரி என்ற பெண்ணைக் கண்டுபிடிப்பது)
பாஸ்ட் த ட்ரையல் (எந்தக் கடின நிலையிலானாலும் கதையை முடிப்பது)

பட்டியலில் எழுபதுக்கும் மேல் இருக்கின்றன, ஆனால் கதையில் எத்தனை பேர் எதுவரை போனார்கள் என்று பார்க்க இந்த நான்கே போதும். 2015-இலும் 2016-இலும் வந்த இரண்டு விரிவாக்கங்களின் அச்சீவ்மென்ட்களும் இதே பட்டியலில் கலந்து கிடக்கும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். விரிவாக்கத்தை வாங்காதவரும் அந்த வகுத்தலில் சேர்ந்திருப்பதால் அந்தச் சதவீதம் இயல்பாகவே சின்னதாகத் தெரியும்.

படி 4: பகுதியைச் சரிசெய்யுங்கள் (நான் விழுந்த இடம்)

பள்ளிக்கூடத்துப் பின்னத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தொகுதி, கீழே பகுதி. அச்சீவ்மென்ட் சதவீதத்தில் தொகுதி எது என்பதில் குழப்பமே இல்லை, அதைப் பெற்றவர்கள். பகுதியில் யார் யார் இருக்கிறார்கள்? வாங்கியவர் எல்லாருமா? விளையாடியவர் மட்டுமா?

இதற்கு விடை 2018 ஜூலையில் ஒரு ஓட்டை வழியாக வெளிவந்தது. அப்போது வால்வின் ஏபிஐ சதவீதத்தை ஒன்றிரண்டு தசம இடத்தோடு நிறுத்தாமல் நீளமாகத் தந்துகொண்டிருந்தது. ஒரு கேமை மூன்றே பேர் ஆடியிருந்தால் அதில் 0, 33.333..., 66.666..., 100 தவிர வேறு சதவீதம் வரவே முடியாது அல்லவா? அதே போல, நீண்ட தசமங்கள் பல கையில் இருந்தால் அவை எல்லாவற்றுக்கும் பொருந்தும் ஒரே பகுதியைத் தேடிப் பிடித்துவிடலாம். டைலர் க்ளையல் என்ற கேம் உருவாக்குநர் இதை விளக்கி எழுதினார். டீம் ஃபோர்ட்ரெஸ் 2-க்கு 5 கோடிக்கு மேல் என்று ஆயிரக்கணக்கான கேம்களின் ஆட்கணக்கு வெளியே வந்தது. வால்வ் உடனே தசமங்களை வெட்டிவிட்டது. நமக்கு அதிலிருந்து தேவையான செய்தி ஒன்றுதான்: பகுதியில் இருப்பவர்கள் அந்த கேமை ஒரு முறையாவது திறந்தவர்கள்.

'ஒரு முறையாவது' என்ற சொல்லைக் கவனியுங்கள். தள்ளுபடியில் வாங்கி, திறந்து, மெனு இசையைக் கேட்டுவிட்டு மூடியவர் அதில் உண்டு. 'நம்ம கம்ப்யூட்டர் தாங்குமா' என்று பார்த்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்டவரும் இருக்கக்கூடும். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. 2013 முதல் ஸ்டீமில் டிரேடிங் கார்டு என்று ஒன்று உண்டு. கேம் ஓடிக்கொண்டிருந்தாலே அவ்வப்போது கார்டு விழும், அதை விற்றுக் காசாக்கலாம். அதற்காகவே கேமைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஓர் அடிகூட நடக்காத இவர்களும் கணக்கில் விளையாடியவர்களே.

அதனால்தான் லைலாக் அண்ட் கூஸ்பெரீஸ்கூட நூறை நெருங்குவதில்லை. தவிர்க்கவே முடியாத முதல் அச்சீவ்மென்ட்டைப் பெறாதவர்கள் கதையைப் பிடிக்காமல் விட்டவர்கள் என்று சொல்ல முடியாது. பலர் தொடங்கவே இல்லை.

செய்ய வேண்டியது: முதல் 'வழி' அச்சீவ்மென்ட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதால் வகுங்கள். கணக்கு புரிவதற்காக நானே இட்டுக்கட்டிய முழு எண்கள் இவை. முன்கதை 60, பாரன் 40, சிரி 33, முடிவு 27 என்று வைத்துக்கொள்வோம்.

மேலோட்டமாகப் பார்த்தால் நூற்றில் 27 பேர்தான் முடித்தார்கள். 27-ஐ 60-ஆல் வகுத்தால் 45. உண்மையில் ஆடத் தொடங்கியவர்களில் பாதியை நெருங்குகிறது! அடுத்து படிக்குப் படி பாருங்கள். 60-இலிருந்து 40, மூன்றில் ஒருவர் போய்விட்டார். 40-இலிருந்து 33, ஏறக்குறைய ஆறில் ஒருவர். 33-இலிருந்து 27, மறுபடியும் ஏறக்குறைய ஆறில் ஒருவர்.

நீங்கள் எடுக்கும் உண்மை எண்களிலும் இந்த வடிவத்தைத் தேடுங்கள். இறுதிச் சண்டை கடினமாக இருந்து ஆட்கள் விட்டார்களா, அதற்கு வெகு முன்பே நழுவினார்களா? நான் இதுவரை விரிதாளில் போட்ட நீண்ட கதை கேம்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான். கடைசி அரக்கனிடம் தோற்றுப் போனவர்களைவிட, வேலைக்குப் போய்வந்து 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டவர்களே அதிகம் என்பது என் ஊகம். நானும் அவர்களில் ஒருவன்தானே.

ஒரு எச்சரிக்கை: அடிப்படையாக எடுப்பது கட்டாயம் கிடைப்பதாக இருக்க வேண்டும். பட்டியலின் உச்சியில் இருக்கிறது என்பதற்காக எதையாவது எடுக்காதீர்கள். அதோடு வெலன், நோவிக்ராட், ஸ்கெல்லிகெ என்ற மூன்று நிலப்பரப்புகளின் வரிசையை ஆடுபவர் மாற்றலாம். பாரனை ஒத்திப்போட்டு நோவிக்ராட் போனவரும் உண்டு. ஆகவே அந்த நடுப்படியின் எண்ணைக் கொஞ்சம் தளர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒன்றுக்குள் ஒன்று இருந்தால் கழியுங்கள்

சித்தப்பா மகனிடம் சொன்ன தப்பு எண் இங்கேதான் பிறந்தது. விட்சர் 3-இல் முடிவுக்கு மூன்று அச்சீவ்மென்ட். பாஸ்ட் த ட்ரையல் எந்த நிலைக்கும். ரேன் த காண்ட்லெட் கடினமான இரண்டு நிலைகளுக்கு. வாக்ட் த பாத் உச்ச நிலையான டெத் மார்ச்சுக்கு மட்டும். நான் மூன்றையும் கூட்டிச் சொல்லிவிட்டேன்! டெத் மார்ச்சில் முடித்தவருக்கு மூன்றுமே கிடைக்கும். ஒரே ஆளை மூன்று முறை எண்ணியிருக்கிறேன்.

கழிக்க வேண்டும். மூன்றும் 27, 9, 5 என்று வைத்தால்: எளிய இரண்டு நிலைகளில் முடித்தவர்கள் 18, மூன்றாம் நிலையில் 4, டெத் மார்ச்சில் 5. வெறும் கழித்தல்தான், ஆனால் யார் எந்த நிலையில் ஆடுகிறார்கள் என்பது இதில் தெரிந்துவிடும்.

படி 6: விலகல்கள் என்ன சொல்கின்றன

ஒதுக்கி வைத்தவற்றை இப்போது எடுங்கள். அவற்றில் 'தவறவிடக்கூடியவை' தனி இனம். விட்சர் 3-க்குள்ளேயே ஆடும் க்வென்ட் என்ற சீட்டாட்டத்தின் சீட்டுகள் எல்லாவற்றையும் சேர்ப்பது ஒன்று. நோவிக்ராடில் ட்ரிஸ் என்ற பாத்திரத்தோடு போகும் முகமூடி விருந்தில் நடக்கும் சீட்டுப் போட்டியை விட்டால் சில சீட்டுகள் கைநழுவிப் போகலாம். முதல் ஆட்டத்திலேயே இதைச் சரியாகச் செய்தவர் பக்கத்தில் வழிகாட்டியைத் திறந்து வைத்திருந்தவர் என்று அடித்துச் சொல்லலாம். அந்தச் சதவீதம் திறமையின் அளவு அல்ல, வழிகாட்டி படிப்பவர்களின் அளவு.

நல்லவனா கெட்டவனா என்று தேர்வு தரும் கேம்களில் ஆட்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே ஆடுகிறார்கள். மாஸ் எஃபெக்டில் 92 சதவீதம் போல நல்வழியான பாரகனைத்தான் தேர்ந்தார்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரே 2020-இல் சொன்னார். அச்சீவ்மென்ட்டை வைத்து இதைக் கண்டுபிடிப்பது சிரமம். சேவ் கோப்பை மறுபடி திறந்து இரண்டையும் எடுப்பவர்கள் இருப்பதால் இரு கிளைகளின் கூட்டல் பொருந்தாது.

ஏமாற்றும் உண்டு. த ஸ்டான்லி பேரபிள் 2013 அக்டோபரில் வந்தது. ஐந்து வருடம் அதைத் தொடாமல் இருந்தால் ஒரு அச்சீவ்மென்ட். நேர்மையாகப் பார்த்தால் 2018 அக்டோபர் வரை ஒருவருக்கும் கிடைத்திருக்கக் கூடாது. நம் ஆட்கள் கணினிக் கடிகாரத்தை ஐந்து வருடம் தள்ளி வைத்து வாங்கிவிட்டார்கள். நேர்மாறாகவும் நடக்கும். ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனில் மாட் (ரசிகர்கள் கேமில் செய்யும் மாற்றம்) போட்டால் அச்சீவ்மென்ட் நின்றுபோகும். ஐந்நூறு மணி நேரம் ஆடியவர்கூடப் பட்டியலில் ஒன்றுமே செய்யாதவர் போலத் தெரிவார்.

பின்சேர்க்கை 1: "பிளேஸ்டேஷனில் பிளாட்டினத்துக்கு (கேமின் மற்ற கோப்பைகளை எல்லாம் வென்றால் கிடைக்கும் கோப்பை) ஒரு இடத்தில் ஒரு சதவீதம், வேறு தளத்தில் அதைவிடப் பல மடங்கு, எது உண்மை?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இரண்டுமே உண்மை. கன்சோலில் தெரிவது அந்த கேமை ஆடிய எல்லாருக்குமானது. கோப்பை வேட்டைக்காரர்கள் பதிவு செய்துகொள்ளும் தளத்தில் பகுதி முழுக்க வேட்டைக்காரர்களே. ஜிம்முக்குள் நின்று ஊரில் எத்தனை பேர் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று எண்ணுவது போல. வெளித்தளங்கள் எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான்.

பின்சேர்க்கை 2: நின்டெண்டோ ஸ்விட்ச் கேமுக்கு இதைச் செய்ய முடியாது. அங்கே அச்சீவ்மென்ட் அமைப்பே கிடையாது.

பின்சேர்க்கை 3: இரண்டாம் படியில் தேதியை ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறீர்கள் என்று கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் விட்சர் 3-க்கு இலவசமாகப் பெரிய மேம்பாடு வந்தது. கிடப்பில் போட்டவர்கள் திரும்பி வந்து முடித்தார்களா, புதியவர்கள் வந்து வெலனிலேயே விழுந்தார்களா என்று ஒப்பிட ஆசைப்பட்டுப் பழைய விரிதாளைத் திறந்தேன். எண்கள் எல்லாம் இருந்தன. எந்த மாதம் எடுத்தேன் என்றுதான் எழுதவில்லை.