தினமும் ஒரு டாரட் கார்டு: ஜாதகக் கட்டத்தையும் புராணத்தையும் ஏற்றும்போது நடக்கும் தவறுகள்

காலையில் ஒரு டாரட் கார்டு எடுத்து, அதற்குரிய கிரகம், ராசி, புராணக் கதை ஆகியவற்றை வைத்து யோசிக்கும் பழக்கம் உள்ளவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அறியாமையால் அல்ல. ஏற்கெனவே தெரிந்த ஜோதிடத்தை அப்படியே கார்டின் மேல் ஏற்றுவதால்தான் தடுமாறுகிறார்கள். டாரட்டின் ஜோதிடம் நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் ஜோதிடம் அல்ல. 1888-ல் லண்டனில் தொடங்கிய கோல்டன் டான் என்ற ரகசிய சங்கம் தன் தேவைக்கு ஏற்ப அடுக்கிய வரிசை அது. இன்று பலரும் பயன்படுத்தும் ரைடர் வெய்ட் ஸ்மித் கட்டு 1909-ல் வெளிவந்தது. அதை உருவாக்கிய ஏ. ஈ. வெய்ட், படங்களை வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் இருவருமே அந்தச் சங்கத்தில் இருந்தவர்கள்.

"எகிப்திய ஞானிகள் விட்டுச்சென்றது" என்ற நம்பிக்கையை முதலில் கழற்றி வைத்துவிடலாம். டாரட் 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஆடிய சீட்டாட்டம். எகிப்துக் கதையை 1781-ல் கிளப்பியவர் கூர் த ஜெபலென் என்ற பிரெஞ்சுக்காரர். எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்கும் வழி பிடிபட்டதே 1822-ல்தான். ஆக, அவர் எதைப் படித்துவிட்டு அப்படிச் சொன்னார் என்று கேட்கவே வேண்டியதில்லை. ஜோதிடம் சீட்டின் மேல் பின்னால் ஒட்டியது என்பது தெரிந்தால் பல முரண்களுக்கு விடை கிடைத்துவிடும். பழைய இத்தாலியக் கட்டுகளில் ஹெர்மிட் (துறவி) கார்டின் கிழவர் கையில் இருந்தது விளக்கு அல்ல, மணற்கடிகாரம். அவர் காலத்தின் உருவம், சனிக்கு நெருங்கியவர். கோல்டன் டான் வரிசையிலோ ஹெர்மிட்டுக்குக் கன்னி ராசி. சனி போய்ச் சேர்ந்தது வேர்ல்டு கார்டுக்கு.

கலைப்பதில் நடக்கும் கோளாறு

புதுக் கட்டு வாங்கியதும் எண்ணிப் பாருங்கள். மேஜர் ஆர்கானா எனும் தனிப்பெயர் கொண்ட படக் கார்டுகள் 22; வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கிண்ணம்), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டக்கிள்ஸ் (காசு) என்ற நான்கு வகைகளைக் கொண்ட மைனர் ஆர்கானா 56; மொத்தம் 78. சில பெட்டிகளில் விளம்பர அட்டையோ வெற்று அட்டையோ கூடுதலாக இருக்கும். எடுத்துவிடாவிட்டால் ஒரு நாள் அதுவே கையில் வரும்.

52 சீட்டுக் கட்டை இரண்டாகப் பிரித்து, ஓரங்களைப் படபடவென்று ஒன்றுக்குள் ஒன்று விழவிட்டுக் கலைத்தால் ஏழு முறை போதும் என்று 1992-ல் பேயர், டயகோனிஸ் என்ற இரு கணிதவியலாளர்கள் காட்டினார்கள். அதே கணக்கை 78-க்கு நீட்டினால் சுமார் எட்டு முறை வேண்டும். டாரட் அட்டை பெரியது என்பதால் பலரும் அப்படிக் கலைப்பதில்லை. கையில் பிடித்துக் கொண்டு மேலிருந்து கொத்துக் கொத்தாகத் தள்ளுகிறார்கள். அதில் பக்கத்துப் பக்கத்துக் கார்டுகள் பிரியாமல் சேர்ந்தே நகரும். நேற்று எடுத்ததை மேலே வைத்துவிட்டு இன்று நாலு தள்ளு தள்ளினால் அது மறுபடி மேல்பகுதிக்கு வருவதில் அதிசயம் இல்லை. "இந்தக் கார்டு என்னைத் துரத்துகிறது" என்ற பேச்சில் பாதி இங்கேதான் பிறக்கிறது. சுலபமான வழி, எல்லாவற்றையும் மேசையில் கவிழ்த்துப் பரப்பி, இரு கைகளாலும் ஒரு நிமிடம் வட்டமாக அளைந்து, பிறகு சேர்த்து அடுக்குவது.

தலைகீழ் கார்டுகளுக்கும் அர்த்தம் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொத்துக் கொத்தாகத் தள்ளுவதில் எந்தக் கார்டும் தலைகீழாகாது. அளையும்போது கட்டில் ஒரு பாதியைத் திருப்பிவிட்டு அளைய வேண்டும். எடுத்த கார்டைப் புத்தகப் பக்கம்போலப் பக்கவாட்டில் புரட்டுங்கள். மேலிருந்து கீழாகப் புரட்டினால் நேரானது தலைகீழாகவும் தலைகீழானது நேராகவும் தெரியும். பல நாள் குறிப்பு இதனாலேயே பிழையாகிவிடும்.

சாம்பிராணிப் புகை காட்டி "சுத்தம்" செய்வது கார்டுக்கு நல்லதல்ல. புகையின் பிசுக்கு அட்டைப் பூச்சில் படிந்தால் கார்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். கலைப்பது இன்னும் மோசமாகும்.

என் ராசி, என் கார்டு

"நான் மகர ராசி, அப்போது டெவில்தானே என் கார்டு?" என்று கேட்பவர்கள் ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறு செய்கிறார்கள். நாம் ராசி என்று சொல்வது பிறந்தபோது சந்திரன் இருந்த இடம். மேற்கத்திய வழக்கில் அது சூரியன் இருந்த இடம். இது முதல் தவறு. இரண்டாவது, ராசி மண்டலமே எங்கே தொடங்குகிறது என்பது. நம் பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வைத்துக் கணக்கிடும் நிராயனம். டாரட்காரர்கள் பயன்படுத்துவது பருவங்களை வைத்துக் கணக்கிடும் சாயனம். இடையில் இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம். சாயனத்தில் சூரியன் மார்ச் 20 அல்லது 21-ல் மேஷத்துக்குள் நுழைகிறது. நமக்குச் சித்திரை முதல் நாள்தான் அது.

இந்த வித்தியாசம் மைனர் ஆர்கானாவில் பலமாக இடிக்கும். 2 முதல் 10 வரை நான்கு வகையிலும் சேர்த்து 36 கார்டுகள். ராசி மண்டலத்தின் 360 பாகையை 10 பாகை வீதம் 36 பங்காக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு கார்டு கொடுத்திருக்கிறார்கள். ஏப்ரல் 25 அன்று சூரியன் எந்தக் கார்டில் இருக்கிறது என்று பார்ப்போம். சாயனத்தில் ரிஷபம் 5 பாகைக்குப் பக்கம்: ஐந்து பென்டக்கிள்ஸ், பனியில் நொண்டி நடக்கும் இரண்டு ஏழைகள். பஞ்சாங்கப்படி மேஷம் 11 பாகைக்குப் பக்கம்: மூன்று வாண்ட்ஸ், கப்பல்களைப் பார்த்தபடி குன்றில் நிற்கும் வணிகர். ஒரே நாளுக்கு இரண்டு வேறு உலகங்கள். எந்தக் கணக்கு உண்மை என்ற சண்டைக்கு இங்கே இடமில்லை. கார்டுகள் சாயனத்தோடு பழகியவை. அவற்றோடு யோசிக்கும்போது சாயனத்திலேயே இருங்கள்.

ஒரு ராசியை மூன்றாகப் பிரிக்கும் திரேக்காணம் தெரிந்தவர்கள் இதைவிட நுட்பமான பள்ளத்தில் விழுவார்கள். 10 பாகைப் பங்கு என்றதும் நம் திரேக்காணமேதான் என்று தோன்றும். மேஷத்தின் மூன்று திரேக்காண அதிபதிகள் செவ்வாய், சூரியன், குரு. கோல்டன் டான் வரிசையில் செவ்வாய், சூரியன், சுக்கிரன். முதல் இரண்டும் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வராது. மூன்றாவதான நான்கு வாண்ட்ஸ் வரும்போது குருவை வைத்து உபதேசம், தர்மம் என்று போவார்கள். படத்திலோ நான்கு கழிகளில் மலர்த்தோரணம், கையில் பூங்கொத்தை உயர்த்தி வரவேற்கும் பெண்கள். அது சுக்கிரனின் கொண்டாட்டம்.

காரணம் சின்னதுதான். நம் முறையில் ராசிக்கு 1, 5, 9-ஆம் வீட்டு அதிபதிகள் வருவார்கள். கோல்டன் டான் எடுத்துக்கொண்டது சனி, குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன், சந்திரன் என்ற பழைய கல்தேய வரிசை. சிம்மத்தின் முதல் பங்கான ஐந்து வாண்ட்ஸில் சனியை வைத்துத் தொடங்கிச் சுற்றி வருகிறார்கள். 36 பங்கு, ஏழு கிரகம் என்பதால் ஒன்று மிஞ்சும். அதைச் செவ்வாய்க்குக் கொடுத்தார்கள். மீனத்தின் கடைசிப் பங்கான பத்து கப்ஸும் மேஷத்தின் முதல் பங்கான இரண்டு வாண்ட்ஸும் அடுத்தடுத்துச் செவ்வாயாக இருப்பது அச்சுப் பிழை அல்ல.

கிரகங்கள் ஏழே என்பதையும் மறக்க வேண்டாம். ராகுவுக்கும் கேதுவுக்கும் இந்த வரிசையில் நாற்காலியே போடவில்லை. டெவில் கார்டுக்கு ராகு, ஹெர்மிட்டுக்கு கேது என்று இணையத்தில் உலவும் பட்டியல்கள் யாரோ பிற்பாடு செய்த ஒட்டுப்போடல்.

அடுத்தது பயம். வேர்ல்டு கார்டுக்குச் சனி என்று படித்ததும் ஏழரைச் சனி ஞாபகத்துக்கு வரும். மேஜர் ஆர்கானாவில் ஒரு காரியம் நிறைவு பெறுவதைச் சொல்லும் கார்டு அது. டவருக்குச் செவ்வாய் என்றால் செவ்வாய் தோஷம் அல்ல. எட்டு கப்ஸுக்கு "மீனத்தில் சனி" என்று போட்டிருந்தால் இன்று வானத்தில் சனி அங்கே இருக்கிறது என்றும் அர்த்தமில்லை. அந்தப் பத்துப் பாகைக்கு ஒதுக்கிய நிலையான பெயர் அது; கோசாரத்தோடு சேர்க்கக் கூடாது.

புராணம் எங்கே கால் ஊன்றுகிறது

கிரகப் பெயர் ஒன்றாக இருந்தாலும் பின்னால் இருக்கும் கதை வேறு. எம்ப்ரஸ் கார்டுக்குச் சுக்கிரன். நம் சுக்கிரன் அசுரர்களின் ஆசான், வாமனனுக்குத் தானம் கொடுக்காதே என்று மகாபலியைத் தடுத்தவர். அந்தக் கதைக்கு எம்ப்ரஸில் இடமே இல்லை. அங்கே இருப்பது ரோமானியரின் வீனஸ். ஹை ப்ரீஸ்டஸ் கார்டின் சந்திரனும் இருபத்தேழு மனைவியரை மணந்த சந்திரன் அல்ல. செலீனி, ஆர்ட்டெமிஸ் என்ற கிரேக்கத் தேவியர் வழி வந்த பெண் நிலவு. வீல் ஆஃப் பார்ச்சூனின் குரு பாடம் சொல்லும் பிரகஸ்பதி அல்ல, அரசனான ஜூபிடர். குரு வந்துவிட்டார், நல்ல காலம் என்று முடிவு கட்டுபவர்கள், சக்கரத்தில் ஏறுபவரும் உண்டு, இறங்குபவரும் உண்டு என்பதைப் பார்ப்பதில்லை.

எந்தக் கதையையும் சேர்க்கும் முன் படத்தில் அதற்கு ஒரு சான்று இருக்கிறதா என்று தேடுங்கள். ஹை ப்ரீஸ்டஸுக்குப் பின்னால் தொங்கும் திரையில் மாதுளம்பழங்கள். எம்ப்ரஸின் ஆடையிலும் மாதுளை, காலடியில் கோதுமைக் கதிர். மாதுளை விதையைத் தின்றதால் ஆண்டில் ஒரு பகுதியைப் பாதாளத்தில் கழிக்க வேண்டியவளானாள் பெர்செபொனி. அவளைத் தேடி அலைந்து பூமியைத் தரிசாக்கிய தாய் டிமீட்டர் தானியத்தின் தேவி. இரண்டாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் மகளும் தாயுமாக இப்படி அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த இணைப்பு வலுவானது. ஆனால் திரைக்கு இருபுறமும் உள்ள தூண்களில் பி, ஜே என்ற எழுத்துகள் இருப்பதையும் பாருங்கள். அவை சாலமோன் ஆலயத்தின் போவாஸ், யாகீன் தூண்கள். பைபிள் வருணனையில் அந்தத் தூண்களின் தலைப்பிலும் மாதுளை உண்டு. ஒரே பழத்துக்கு இரண்டு வேர். எந்த வேரைப் பிடித்து யோசித்தீர்கள் என்று குறித்துக்கொண்டால் போதும்.

இதற்கு எதிர்முனை ஹேங்டு மேன் (தலைகீழாகத் தொங்குபவர்). நார்டிக் தெய்வம் ஒடின் ஒன்பது இரவு மரத்தில் தொங்கி ரூன் எழுத்துகளைப் பெற்ற கதையை இதன் "மூலம்" என்று எழுதுவார்கள். பழைய இத்தாலியில் இந்தக் கார்டின் பெயரே துரோகி. துரோகிகளை ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்குவதுபோலச் சுவரில் வரைந்து அவமானப்படுத்துவது அந்த நகரங்களின் வழக்கம். ஒடினை நினைத்து யோசிக்கத் தடையில்லை, மூலம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவமானத்தைப் பொறுமையாகத் தாங்குவது என்ற கோணம் ஒடின் கதையில் கிடைக்காது. இத்தாலியச் சுவரில்தான் கிடைக்கும்.

டெத் கார்டு வந்ததும் யமனைக் கொண்டுவருவதும் இப்படித்தான். யமதர்மன் கணக்குப் பார்த்துத் தீர்ப்பு சொல்பவர், சித்திரகுப்தன் ஏடு வைத்திருக்கிறார். கார்டில் எலும்புக்கூடு ஏறிவரும் வெள்ளைக் குதிரையின் முன் அரசன், ஆயர், கன்னி, குழந்தை எல்லோரும் ஒன்றுதான். தீர்ப்பு எதுவும் இல்லை. யமனை உள்ளே விட்டால், முடிந்துபோன ஒரு விஷயத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய காலையில் உங்கள் பாவக் கணக்கை எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

வரிசை மாறினால்

கார்டு எடுத்ததும் கையேட்டைத் திறப்பது மிகப் பரவலான தவறு. படித்துவிட்டால் கண் படத்தைப் பார்க்காது. எட்டு கப்ஸ் வந்தால் முதல் இரண்டு நிமிடம் படம் மட்டும்: அடியில் ஐந்து கிண்ணம், மேலே மூன்று, நடுவில் ஓர் இடைவெளி, சிவப்பு உடையில் ஒருவர் கோலூன்றி முதுகு காட்டி நடக்கிறார், மேலே நிலவு. அடுத்து வழக்கமான அர்த்தம்: கோல்டன் டான் இதற்குக் கொடுத்த தலைப்பு "கைவிட்ட வெற்றி" என்று வரும். பிறகுதான் ஜோதிடம்: மீனத்தில் சனி, அதாவது நீர் ராசிக்குச் சனி போடும் வரம்பு. கடைசியாக, படத்தில் சான்று இருந்தால், கதை. இந்தக் கார்டில் எந்தக் கதையும் வலுவாக நிற்காது, விட்டுவிடுங்கள். எல்லாக் கார்டுக்கும் ஒரு தெய்வம் வேண்டும் என்ற கட்டாயமில்லை. மொத்தம் பத்து நிமிடம், ஒரே ஒரு கேள்வியோடு முடியுங்கள்: "பாதி சரியாக இருக்கிறது என்பதற்காக எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்?" "வேலை கிடைக்குமா", "அவர் திரும்பி வருவாரா" போன்ற கேள்விகளுக்கு ஒற்றைக் கார்டு எதுவும் செய்யாது. பிடிக்காத கார்டு வந்தால் "விளக்கத்துக்கு" இன்னொன்று, அதற்கு விளக்கமாக இன்னொன்று என்று எடுப்பவர் பிடித்த கார்டு வந்ததும் நிறுத்துவார்.

காலையில் எழுதியதை மாலையில் திருத்தாதீர்கள், கீழே தனி வரியாகச் சேருங்கள். திருத்தினால் எல்லா நாளும் கார்டு பலித்ததாகத்தான் தெரியும்.

எடுத்த கார்டைத் திரும்பக் கட்டில் போடுவதா, ஒதுக்கி வைப்பதா என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். திரும்பப் போட்டால், பதினொரு நாளிலேயே ஏதாவது ஒரு கார்டு இரண்டாம் முறை வர பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அதில் சகுனம் தேட வேண்டாம். மாதத்தில் எட்டு, ஒன்பது நாள் மேஜர் ஆர்கானா வருவதும் இயல்பான அளவுதான். 78 நாளில் 78 கார்டும் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்: சராசரியாக 28, 29 கார்டுகள் ஒரு முறைகூட வந்திருக்காது, எல்லாவற்றையும் பார்த்து முடிக்கச் சராசரியாக 385 நாள் பிடிக்கும். கார்டுகளைக் கற்பதுதான் நோக்கம் என்றால் எடுத்ததை ஒதுக்கி வைத்துக்கொண்டே போங்கள், பதினோரு வாரத்தில் கட்டு முடிந்துவிடும்.