கோலியாத்துக்கு டேப் பிடித்த கதை

காட்பாடியில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு பிளவுஸ் தைக்கிறேன். இரவு எட்டரைக்கு மெஷினை மூடிய பிறகுதான் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை. பெரியவனுக்குப் பத்து வயது, சின்னவளுக்கு ஆறு. ஆரம்பத்தில் வேதத்தைத் திறந்து அப்படியே வாசித்துக் காட்டினேன். மூன்றாவது வசனத்தில் பெரியவன் கொட்டாவி விடுவான், சின்னவள் தூங்கியே போவாள். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது எந்நேரமும் கழுத்தில் தொங்குகிற டேப்தான்.

வேதத்தில் அளவுகள் நிறைய உண்டு. நாம்தான் அவற்றை வேகமாகத் தாண்டிவிடுகிறோம். சிறுவன் தாவீது கவண்கல்லால் வீழ்த்தினானே, அந்த வீரன் கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு சாணும் என்று 1 சாமுவேல் புத்தகத்தின் 17-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. முழத்துக்கு 18 அங்குலம், சாணுக்கு 9. மொத்தம் 117 அங்குலம். என் டேப் 60 அங்குலம். இரண்டு டேப்புக்கு மூன்று அங்குலம்தான் குறைவு. ஸ்டூலில் ஏறி, துணியில் குறி போடுகிற சாக்பீஸால் சுவரில் கோடு போட்டேன். கூரைக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு சாண்கூட இல்லை. பக்கத்திலேயே பெரியவனை நிற்கவைத்து அவன் தலைக்கு ஒரு கோடு. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள், பேச்சே இல்லை. 'பெரிய ராட்சதன்' என்று நான் கண்ணை உருட்ட வேண்டிய வேலை மிச்சம்.

அடுத்தது கவண். படம் போடுகிறவர்கள் சிலர் தாவீதின் கையில் உண்டிகோலைக் கொடுத்துவிடுகிறார்கள். அதை நம்பாதீர்கள். அவனிடம் இருந்தது கல் வைக்க நடுவில் ஒரு சின்னத் தொட்டிலும் இருபுறமும் வாரும் உள்ள கவண். சுழற்றி, ஒரு முனையை மட்டும் விட வேண்டும். வீட்டுக்காரருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. அவர் கொண்டுவந்த தோல் துண்டில் ஒன்று தைத்தேன். கல்லுக்குப் பதில் எலுமிச்சம்பழம் வைத்தது என் புத்திசாலித்தனம். டியூப்லைட் போயிற்று. நீங்கள் காகிதத்தைக் கசக்கி உருட்டி வையுங்கள்.

பெருவெள்ளத்துக்குத் தப்ப நோவா கட்டிய கப்பலான பேழை 300 முழ நீளம். பூக்காரம்மா முழம் போடுவதைப் பார்த்த பிள்ளைக்கு முழத்தை விளக்கவே வேண்டாம். கணக்குக்கு 450 அடி. நூல்கண்டைப் பிரித்துக்கொண்டே தெருவில் நடந்தோம். வீட்டு வாசலில் தொடங்கியது, தெருமுனையைத் தாண்டியும் நூல் மீதி இருந்தது. ஆனால் இந்தக் கதையைப் பகலில் சொல்லுங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போனதைப் பாலத்திலிருந்து பார்த்தவன் பெரியவன். வெறும் மணலாகவே அவனுக்குத் தெரிந்த ஆறு அது. பேழைக்குள் ஏறாதவர்களைப் பற்றித்தான் அவன் கேட்டான். நான் மழுப்பவில்லை, பிழைத்தது எட்டுப் பேர்தான் என்றேன். அன்று அவன் தூங்க வெகுநேரம் ஆயிற்று. ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோன கதையை இன்னும் தொடவில்லை. சின்னவள் வளரட்டும்.

அடுத்தது, இஸ்ரவேலர் சுற்றி நடந்து ஆர்ப்பரித்ததும் மதில் இடிந்து விழுந்த எரிகோ பட்டணத்தின் கதை. அதற்கு முதலில் வேலூர்க் கோட்டைக்கு அழைத்துப் போய், அகழிக்கு இந்தப் பக்கம் நின்று மதிலைக் காட்டினேன். மதில் என்றால் கட்டைச்சுவர் இல்லை என்பது அங்கேதான் அவர்களுக்குப் புரிந்தது. பிறகு வீட்டில் கட்டிலைச் சுற்றி நடை. ஆறு நாளைக்கு ஒவ்வொரு சுற்று, ஏழாம் நாள் ஏழு, மொத்தம் 13. சொல்லும்வரை வாய் திறக்கக் கூடாது என்று அவர்களின் தலைவர் யோசுவா கட்டளையிட்டாரே, அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அத்தனை நேரம் அமைதி வேறு எப்போதும் இருந்ததில்லை. கடைசி ஆர்ப்பரிப்புக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார். ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

யோசேப்பு கதையை ஒரே இரவில் முடிக்கப் பார்க்காதீர்கள். ஆதியாகமம் 37-ல் தொடங்கி 50 வரை போகிறது (38-ஐ நான் விட்டுவிட்டேன், வாசித்தால் உங்களுக்கே தெரியும்). அண்ணன்மார் அவனைத் தண்ணீரில்லாத குழியில் போட்டார்களே, அங்கே நிறுத்தி விளக்கை அணைத்தேன். "நாளைக்கு வரைக்கும் குழியிலேயா இருப்பான்?" என்று சின்னவள் ஒரே அழுகை. திரும்ப விளக்கைப் போட்டு, இஸ்மவேலர் என்ற வியாபாரிகள் வந்து இருபது வெள்ளிக்காசுக்கு வாங்கிப் போகிறவரை சொல்ல வேண்டியதாயிற்று. அது இன்னும் மோசமான இடம்.

முந்தின நாளே அதிகாரத்தை நீங்கள் தனியாக வாசித்துவிடுங்கள். சொல்லும்போது புத்தகம் மூடியிருக்கட்டும், ஒரே ஒரு வசனத்தை மட்டும் அதன் வார்த்தையிலேயே சொல்லுங்கள். கர்த்தர் பேர்சொல்லிக் கூப்பிட்ட சிறுவன் சாமுவேலின் கதைக்கு, அவன் சொன்ன பதில்: "சொல்லும், அடியேன் கேட்கிறேன்." மறுநாள் சாப்பிடக் கூப்பிட்டாலும் பெரியவன் அதையேதான் சொன்னான்.

அப்புறம், 'இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அந்தப் பரீட்சையெல்லாம் ஞாயிறு பள்ளியில் ஆகிவிடும். சும்மா இருந்தால் அவர்களே கேட்பார்கள். தாவீது எடுத்தது ஐந்து கூழாங்கல், எறிந்தது ஒன்று, மீதி நாலு என்ன ஆயிற்று என்று சின்னவள் கேட்டாள். தேடிப் பார்த்தேன். "வேதத்தில் அதைச் சொல்லவில்லைடி" என்றேன். பாலாற்று மணலில் பொறுக்கிய நாலு கூழாங்கல்லை அவளே என் பட்டன் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். அவசரத்துக்கு ஹூக் தேடினால் கையில் அதுதான் வருகிறது.