எடைய மட்டும் ஏத்திட்டே போனா போதுமா? ஜிம்ல எல்லாரும் பண்ற தப்புங்க

"எத்தனை கிலோ போடுற?" ஜிம்ல யார பாத்தாலும் இதான் கேள்வி. ஆனா தசை பெருசாகுறது ஒரு கணக்கு, பலம் கூடுறது இன்னொரு கணக்கு, ரெண்டையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கிறதுலதான் பாதி பேர் மாட்டுறாங்க.

ஒரு தடவை தூக்கி இறக்குறது ஒரு ரெப், நடுவுல நிறுத்தாம பண்ற ரெப்ஸ் சேந்தா ஒரு செட். ஒரு செட்ல 8ல இருந்து 12 ரெப்ஸ் பண்ணாதான் தசை வளரும்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க. 5 ரெப்ஸ்லயும் வளரும், 30 ரெப்ஸ்லயும் வளரும், செட்ட நிறுத்துறப்போ இன்னும் ஒண்ணு ரெண்டு ரெப்தான் வரும்ங்கிற நிலைமைல இருக்கணும், அதான் முக்கியம் (எடையோட உக்காந்து எழுற ஸ்குவாட்ட 30 ரெப் பண்ணி பாருங்க, தசைக்கு முன்னாடி மூச்சு போயிடும், அதனாலதான் நடு ரேஞ்ச் வசதி). பலம் அப்படி இல்ல. ஒரே ஒரு தடவை தூக்குற உச்ச எடை ஏறணும்னா கனமான எடைய கம்மி ரெப்ஸ்ல பழகியே ஆகணும், ஏன்னா அதுல நரம்பு கத்துக்க வேண்டியது நிறைய இருக்கு. புதுசா சேந்தவங்களுக்கு முதல் சில வாரம் எடை மளமளன்னு ஏறும் ஆனா கண்ணாடில ஒண்ணும் தெரியாது, அதுக்கும் இதான் காரணம்.

அடுத்தது ரெஸ்ட். வேர்வை ஊத்தணும்னு 1 நிமிஷத்துல அடுத்த செட்டுக்கு ஓடுறது. 2016ல வந்த ஒரு ஆய்வுல, ஏற்கனவே எடை தூக்கிப் பழகின ஆம்பளைங்கள 8 வாரம் வச்சு பாத்தாங்க, 1 நிமிஷம் ரெஸ்ட் எடுத்தவங்கள விட 3 நிமிஷம் எடுத்த குரூப்புக்கு பலமும் அதிகமா கூடுச்சு, தொடை தசையும் அதிகமா வளந்துச்சு. மூச்சு வாங்கிட்டே போட்டா அடுத்த செட்ல ரெப்ஸ் குறையும், மொத்த வேலையும் குறையும், அவ்ளோதான் விஷயம். கை மாதிரி சின்ன தசைக்கு கொஞ்சம் கம்மியா எடுத்தாலும் ஓடிடும்.

வாரத்துக்கு ஒரு தசைக்கு 10ல இருந்து 20 செட் வரைக்கும் பெரும்பாலானவங்களுக்கு போதும். இத ஒரே நாள்ல மொத்தமா கொட்டுறவங்கள பாத்தா எனக்கு பாவமா இருக்கும், 12வது செட்ல ஏதோ கடனுக்கு கைய ஆட்டிட்டு இருப்பாங்க. ரெண்டு நாளா பிரிங்க, ஒவ்வொரு செட்டும் உருப்படியா இருக்கும்.

எல்லா செட்டையும் உயிர் போற வரைக்கும் தள்ளுறதும் வேண்டாம், களைப்புதான் மிஞ்சும். மறுநாள் உடம்பு வலிக்கலையேன்னு கவலையும் வேண்டாம், வலி வளர்ச்சிக்கு அளவுகோல் இல்ல, புது எக்சர்சைஸ் எது பண்ணாலும் வலிக்கத்தான் செய்யும். போன மாசம் இதே எடைல எத்தனை ரெப்ஸ் போட்டீங்கன்னு கேட்டா நோட்ட தொறந்து சொல்லணும், அது தெரியலன்னா இப்பவே எழுத ஆரம்பிங்க.